பெயர் திறக்காவிட்டால் யாரிடம் கேட்பது?
ஆள்களப் பெயர் முறைமையும் மையமற்ற பெயர்களும்

பாடம்: தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்
அலகு: இணையமும் அதன் சேவைகளும்

இப்பாடப் பகுதியைக் கற்றபின் உங்களால்,
• ஆள்களப் பெயர் ஒன்று முகவரியாக மாற்றப்படும் படிமுறைகளை விளக்கவும்,
• மையமற்ற ஆள்களப் பெயர்களின் நன்மை தீமைகளை ஒப்பிடவும்,
• இணையத்தளமொன்று திறக்காதபோது வழு எங்குள்ளது என்பதைப் படிமுறையாகக் கண்டறியவும்,
• பயனுள்ள பின்னூட்டம் ஒன்றை எழுதவும் இயலும்.

1. அறிமுகம்

மாணவர்களே! தோட்ட லயம் ஒன்றில் வாழும் குடும்பத்திற்குக் கடிதம் வரும் விதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட பகுதிகளிலிருந்து கண்டிக்கு வகுப்பிற்கு வருபவர்களுக்கு இது நன்கு தெரிந்த விடயம். தோட்டங்கள் பலவற்றில் லய அறைக்கென்று தனி இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். "இந்தப் பெயருக்குரியவர் எந்த லயத்தில் இருக்கிறார்?" என்பதை அறிந்த ஒருவர் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவர் ஒழுங்காகச் செய்தால் கடிதம் வந்து சேரும். அவர் தவறவிட்டால், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு திகதி கடந்த பின்னர் கைக்குக் கிடைக்கும். எழுதியவரும் சரி, முகவரியும் சரி, பெறுபவரும் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் பெயரையும் இடத்தையும் பொருத்தும் இடத்தில் தவறு நேர்ந்துவிட்டது.

இணையத்திலும் இவ்வாறு பெயரையும் இடத்தையும் பொருத்தும் வேலை ஒன்று உண்டு. அதனைச் செய்வதே ஆள்களப் பெயர் முறைமை ஆகும். இணையத்தளம் திறக்கவில்லை என்றவுடன் "நெட் இல்லை" அல்லது "போன் பழுது" என்று முடிவு செய்வது நம்மில் பலரின் வழக்கம். உண்மையில் வழு இடையில் எங்கேயும் இருக்கலாம். அதை எங்கு தேடுவது, கண்டுபிடித்தபின் யாரிடம் முறையிடுவது என்பதே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

2. ஆள்களப் பெயர் முறைமை

இணையத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு சேவையகத்திற்கும் ஐ.பி. முகவரி ஒன்று உண்டு. நான்காம் பதிப்பு முகவரி 32 பிட்டுக்களைக் கொண்டது. 0 முதல் 255 வரையான நான்கு எண்களைப் புள்ளியிட்டு அது எழுதப்படும். (உதாரணம்: 8.8.8.8) மனிதரால் இத்தகைய எண்களை நினைவில் வைத்திருப்பது கடினம் என்பதால் பெயர்கள் பயன்படுத்தப்படுகின்றன.

ஆரம்ப காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, எல்லோருக்கும் பிரதி செய்யப்பட்டன. கணினிகள் பெருகியதும் இது சாத்தியமற்றதாயிற்று. எனவே 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைத்தார்.

மேலோடியில் (உலாவியில்) டொட் எல்கே என முடியும் பெயர் ஒன்றை நீங்கள் தட்டச்சு செய்யும்போது நிகழ்வன வருமாறு:

(அ) முன்பு கேட்ட பெயரா என மேலோடியும் இயக்க முறைமையும் தமது பதுக்கு நினைவகத்தில் பார்க்கும்.
(ஆ) இல்லையெனில், இணைய சேவை வழங்குநரின் பெயர்ச் சேவையகத்திடம் கேட்கப்படும்.
(இ) அதற்கும் தெரியாவிடின் அது மூலச் சேவையகத்திடம் கேட்கும். மூலச் சேவையகங்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள் உண்டு; அவற்றின் பிரதிகள் உலகெங்கும் உள்ளன.
(ஈ) மூலச் சேவையகம் "டொட் எல்கே பற்றி இவரிடம் கேள்" என வழிகாட்டும்.
(உ) டொட் எல்கே சேவையகம் அந்தக் குறிப்பிட்ட பெயருக்குரிய சேவையகத்தைக் காட்டும்.
(ஊ) அங்கிருந்து ஐ.பி. முகவரி கிடைக்கும். பின்னரே மேலோடி அந்தத் தளத்தோடு தொடர்பு கொள்ளும்.

இலங்கைக்குரிய டொட் எல்கே 1990 ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டு ஐகான் நிறுவனம் தமிழ் எழுத்தில் '.இலங்கை' என்பதையும் அதற்கு இணையாகச் சிங்கள எழுத்திலான பெயரையும் அங்கீகரித்தது. தமிழில் பெயரைத் தட்டச்சு செய்தாலும் உள்ளே அது 'எக்ஸ்என்' என்ற இரு ஆங்கில எழுத்துக்களோடும் இரு சிறு கோடுகளோடும் தொடங்கும் எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே அனுப்பப்படும். இம்மாற்று முறை பியூனிகோட் எனப்படும். இது யூனிகோட் அன்று. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

3. மையம் தவறினால் நேர்வது என்ன?

மேற்கூறிய முறையில் ஒவ்வொரு படியிலும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். இது நன்மையும் தீமையும் ஆகும். நம் நாட்டு நிகழ்வுகள் மூன்றை நோக்குவோம்.

(i) 2021 பெப்ரவரி 6: டொட் எல்கே பெயர்கள் சிலவற்றின் பதிவுகள் மாற்றப்பட்டதால், கூகிளின் இலங்கைப் பெயரைத் தட்டச்சு செய்தவர்கள் உட்படப் பலர் வேறொரு பக்கத்திற்குச் சென்றனர். தேயிலைத் தொழில், ஊடக சுதந்திரம் போன்ற விடயங்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. பயனரின் கணினியில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. கூகிளின் சேவையகங்களும் வழமைபோல் இயங்கின. பெயர்ப் பதிவில்தான் தவறு. எனினும் பொறுப்பான பதிவகம் ஒன்று இருந்தமையால் அது அன்றே திருத்தப்பட்டது.

(ii) 2018 மார்ச்: திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மார்ச் 7 இல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன தடுக்கப்பட்டன. பேஸ்புக் மீதான தடை மார்ச் 15 இல் நீங்கியது. வெறுப்பைத் தூண்டும் செய்திகள் பரவுவதைத் தடுப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. அதேவேளை உறவினரின் நலத்தை விசாரிக்க முயன்ற கண்டிக் குடும்பங்களுக்கும் அந்த வழி மூடப்பட்டது.

(iii) 2022 ஏப்ரல் 3: பொருளாதார நெருக்கடிக் கால ஆர்ப்பாட்டங்களின்போது சமூக ஊடகங்கள் மீண்டும் தடுக்கப்பட்டன. அன்றைய தினமே தடை நீக்கப்பட்டது.

இத்தகைய நிகழ்வுகள் உலகின் பல நாடுகளில் இடம்பெற்றதால், "பெயர்ப் பட்டியல் ஒருவர் கையில் இல்லாமல் எல்லோர் கையிலும் இருந்தால் என்ன?" என்ற கேள்வி எழுந்தது.

4. மையமற்ற ஆள்களப் பெயர்கள்

புளொக்செயின் (தொகுதிச் சங்கிலி) என்பது பல கணினிகள் ஒரே பதிவேட்டின் பிரதியை வைத்திருந்து, புதிய பதிவுகளைப் பொது விதியின்படி ஏற்றுக்கொள்ளும் முறையாகும். அதில் பெயர்களையும் பதியலாம். முக்கிய முயற்சிகள் சில:

• நேம்கொயின் (2011) – 'டொட் பிட்' பெயர்கள்
• எதீரியம் பெயர்ச் சேவை (2017) – 'டொட் எத்' பெயர்கள்
• ஹேண்ட்ஷேக் (2020) – மேல்நிலைப் பெயர்களையே பதியும் முயற்சி

இப்பெயர்களை மூலச் சேவையகங்கள் அறியமாட்டா. எனவே சாதாரண மேலோடி ஒன்றில் 'டொட் எத்' பெயரைத் தட்டச்சு செய்தால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற வழுச்செய்தி வரும். அல்லது மேலோடி அதனைத் தேடற்சொல்லாகக் கருதித் தேடல் பக்கத்தைக் காட்டும். திறக்க வேண்டுமாயின், (1) இப்பெயர்களை ஆதரிக்கும் மேலோடி, (2) மேலோடியில் சேர்க்கப்படும் நீட்சி, (3) சாதாரணப் பெயரினூடாக அழைத்துச் செல்லும் நுழைவாயில் ஆகியவற்றுள் ஒன்று தேவை.

சூக்கோ முக்கோணம்: பெயர் முறையொன்றில் நாம் எதிர்பார்க்கும் பண்புகள் மூன்று. அவை மனிதரால் வாசிக்கத்தக்கதாயிருத்தல், பாதுகாப்பு, மையமின்மை என்பனவாகும். இம்மூன்றையும் ஒருங்கே பெறுவது கடினம் என 2001 இல் சூக்கோ வில்கொக்ஸ் எடுத்துக் காட்டினார். உதாரணமாக, டோர் வலையமைப்பின் 'டொட் ஆனியன்' முகவரிகள் பாதுகாப்பும் மையமின்மையும் கொண்டவை. ஆனால் 56 எழுத்துக்கள் கொண்ட அந்த முகவரியை யாரால் மனனம் செய்ய முடியும்? புளொக்செயின் பெயர்கள் மூன்று பண்புகளையும் தருவதாகக் கூறுகின்றன. அதற்கான விலையைக் கீழே நோக்குக.

(அ) பெயர் மோதல்: ஒரே பெயரை இருவர் தனித்தனியே விற்கலாம். 'டொட் கொயின்' என்ற முடிவை வேறொரு முறைமை முன்னரே பயன்படுத்தியமையால், அன்ஸ்டொப்பபிள் டொமைன்ஸ் நிறுவனம் 2022 இல் அதனைக் கைவிட்டது. இத்தகைய குழப்பத்தைக் குறைக்க, ஆள்களப் பெயர் முறைமைக்கு வெளியிலுள்ள பெயர்களுக்கென 'டொட் ஓல்ட்' என்ற முடிவு 2023 இல் ஒதுக்கப்பட்டது.

(ஆ) மறைந்திருக்கும் மையம்: 'டொட் எத்' பெயர்களுக்கு நுழைவாயிலாக விளங்கிய சாதாரண ஆள்களப் பெயர் ஒன்று 2022 இல் காலாவதியானது. அதைப் புதுப்பிக்கும் உரிமை பெற்றிருந்தவர் அப்போது சிறையில் இருந்தார். பெயர் மூன்றாம் தரப்பிற்கு விற்கப்பட்டது. நீதிமன்றத்தை நாடிய பின்னரே அது மீட்கப்பட்டது. மையமற்ற பெயர்கள் பலவற்றின் பாதை ஒரேயொரு மையப் பெயரில் தங்கியிருந்தது என்பதைக் கவனிக்க.

(இ) மேலோடியின் ஆதரவு நிலையானதன்று: பிரேவ் மேலோடி 2021 இல், இத்தகைய தளங்கள் பலவற்றின் பக்கங்கள் சேமிக்கப்படும் ஐ.பி.எஃப்.எஸ். என்னும் பகிர்ந்தளிக்கப்பட்ட கோப்பு முறையைத் தன்னுள் இணைத்தது. 2024 இல் அதனை நீக்கியது. நேற்றுத் திறந்த பெயர் இன்று திறக்காமல் போக இதுவும் காரணமாகலாம்.

(ஈ) முறையிட இடமின்மை: பெயரின் உரிமை இரகசியச் சாவி ஒன்றில் தங்கியுள்ளது. அது தொலைந்தால் "மறந்துவிட்டேன்" எனக் கூறி மீளப்பெற அலுவலகம் எதுவும் இல்லை. மோசடிக்காரர் ஒருவர் பதிந்த பெயரை நீக்குமாறு கேட்பதும் கடினம். தீங்கு விளைவிக்கும் மென்பொருள்களுக்குப் பயன்பட்டமையால் 'டொட் பிட்' பெயர்களுக்கான ஆதரவை ஓபன்நிக் அமைப்பு 2019 இல் நிறுத்தியது.

நினைவிற் கொள்க: மையமற்ற பெயர், பெயரைத் தேடும் படியை மட்டுமே மாற்றுகிறது. தளத்தின் பக்கங்கள் சாதாரண சேவையகத்தில் இருந்தால், அந்தச் சேவையகத்தின் ஐ.பி. முகவரியைத் தடுப்பதன் மூலம் அதனை மறைக்க முடியும்.

5. வழு கண்டறிதல்

எமது வகுப்பிற்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் ஒருநாள் தன் கைபேசியைக் காட்டி, "டீச்சர், இந்தப் பேர அடிச்சா தேடல் பக்கம்தான் வருது. அண்ணாட போன்ல மட்டும் திறக்குது" என்றான். அது 'டொட் எத்' பெயர். என்னிடம் வருமுன் அவன் இரண்டு தடவை டேட்டா கார்ட் போட்டிருந்தான். பின்னர் யாரோ சொன்னதைக் கேட்டுக் கைபேசியை முழுவதும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தான். அதில் படம் பிடித்து வைத்திருந்த மூன்று மாதப் பாடக்குறிப்புகள் அழிந்து போயின. கைபேசியில் எந்தப் பழுதும் இல்லை. அண்ணாவின் மேலோடி அப்பெயரை ஆதரித்தது. இவனது மேலோடி ஆதரிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே முதலில் தீங்கற்ற சோதனைகளைச் செய்க. அழிக்கும் வேலை எப்போதும் கடைசியிலேயே வரவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக.

படி 1 – வேறு தளம் திறக்கிறதா? எதுவுமே திறக்காவிடின் இணைப்பில் வழு. மற்றவை திறந்தால் இணைப்பு நன்று. அடுத்த படிக்குச் செல்க.

படி 2 – தேடல் பக்கம் வந்ததா, வழுச்செய்தி வந்ததா? தேடல் பக்கம் வந்தால் மேலோடி அதனை முகவரியாகவே ஏற்கவில்லை. பெயரின் இறுதியில் சாய்கோடு ஒன்றை இட்டு மீண்டும் முயல்க.

படி 3 – எழுத்துக்கள் சரியா? தமிழ்ப் பெயர்களில் இது மிக முக்கியம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டினால் திரையில் தமிழாகத் தெரிந்தது முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். ஏனெனில் பாமினி யூனிகோட் அன்று. 'ஔ' என்ற ஒரே எழுத்திற்குப் பதிலாக 'ஒ', 'ள' என இரண்டைத் தட்டச்சு செய்தாலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கணினிக்கு அவை வேறு. துணைக்கால் இட வேண்டிய இடத்தில் 'ர' இடுவதும் இவ்வாறானதே.

படி 4 – பெயரின் முடிவு எது? டொட் எல்கே, டொட் கொம், .இலங்கை போன்றவை எல்லா மேலோடிகளுக்கும் பொது. டொட் எத் போன்றவை ஆதரவுள்ள மேலோடிகளில் மட்டுமே திறக்கும்.

படி 5 – வழுச்செய்தி என்ன கூறுகிறது? "பெயர் கிடைக்கவில்லை" எனில் பெயர் தேடும் படியில் தடங்கல். "பதிலளிக்க அதிக நேரம் எடுக்கிறது" எனில் பெரும்பாலும் பெயர் கிடைத்துவிட்டது. சேவையகம் பதிலளிக்கவில்லை அல்லது வழி தடுக்கப்பட்டுள்ளது. "சான்றிதழ் செல்லாது" எனில் முதலில் கைபேசியின் திகதியையும் நேரத்தையும் பார்க்க. அவை பிழையாக இருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தோன்றும். நேரம் சரியாக இருந்தும் இச்செய்தி வந்தால் அத்தளத்தில் கடவுச்சொல்லை இடாதீர்கள்.

படி 6 – வேறு வழியில் திறக்கிறதா? வை-ஃபையிலிருந்து மொபைல் டேட்டாவிற்கு மாறுக. வேறொரு மேலோடியில் முயல்க. ஒரு வலையமைப்பில் மட்டும் திறக்காவிடின் அந்தச் சேவை வழங்குநரின் பக்கத்தில் காரணம் இருக்கலாம். ஒரு மேலோடியில் மட்டும் திறக்காவிடின் அந்த மேலோடியில் காரணம் இருக்கலாம்.

படி 7 – பதுக்கு நினைவகத்தை வெறுமையாக்குக. தளம் புதிய முகவரிக்கு மாறியிருந்தால் பழைய முகவரி நினைவில் தங்கியிருக்கலாம். இது கைபேசியை அழிப்பது ஆகாது.

6. யாரிடம் முறையிடுவது?

• பெயர் எங்கும் கிடைக்கவில்லை எனில் தள உரிமையாளரிடம்.
• ஒரு வலையமைப்பில் மட்டும் கிடைக்கவில்லை எனில் அந்த இணைய சேவை வழங்குநரிடம்.
• டொட் எல்கே அல்லது .இலங்கைப் பெயர்ப் பதிவே மாறியுள்ளது எனில் எல்.கே. ஆள்களப் பதிவகத்திடம்.
• ஆதரவு உண்டெனக் கூறும் மேலோடியில் மையமற்ற பெயர் திறக்கவில்லை எனில் அந்த மேலோடியை உருவாக்கியவர்களிடம்.

இறுதியாகக் கூறியதைக் கவனியுங்கள். மையமற்ற பெயருக்கு மேலே பதிவகம் ஒன்று இல்லாதபோது, சாதாரணப் பயனரின் குரலைக் கேட்கக்கூடிய இடம் பெரும்பாலும் மேலோடிதான். எனவே அங்கு எழுதும் பின்னூட்டம் தெளிவாக அமைவது அவசியம்.

நான் ஒரு கலைப் பட்டதாரி. இவ்விடயங்களைத் தட்டுத் தடுமாறியே கற்றேன். அம்மாணவனுக்காக ஒரு மேலோடிக்கு முதலில் எழுதிய பின்னூட்டம் இது:

"உங்கள் மேலோடி வேலை செய்யவில்லை. உடனே சரி செய்யவும்."

பதில் வரவில்லை. வாசிப்பவரால் இதனை வைத்து எதுவும் செய்ய இயலாது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். இரண்டாம் தடவை பின்வரும் எட்டு விடயங்களையும் எழுதினேன். நான்கு நாட்களில் பதில் கிடைத்தது: அம்மேலோடியின் கணினிப் பதிப்பில் மட்டுமே ஆதரவு உண்டு, கைபேசிப் பதிப்பில் இல்லை. பதில் அந்த மாணவனுக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஆனால் அதற்குப் பின் அவன் அதற்காகப் பணமோ நேரமோ செலவழிக்கவில்லை.

நல்ல பின்னூட்டத்தில் இருக்க வேண்டியவை:
1. தட்டச்சு செய்த முழுப் பெயர், எழுத்துப் பிசகாமல்
2. மேலோடியின் பெயரும் பதிப்பு எண்ணும்
3. சாதனமும் இயக்க முறைமையும்
4. இணைப்பு வகை (வை-ஃபை அல்லது மொபைல் டேட்டா)
5. திகதியும் நேரமும்
6. எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன
7. வழுச்செய்தி, சொல்லுக்குச் சொல்
8. ஏற்கனவே செய்த சோதனைகளும் பெறுபேறுகளும்

எழுதக்கூடாதவை: கடவுச்சொல், இரகசியச் சாவி, அச்சாவியை மீட்க உதவும் சொற்கோவை. "பழுது பார்க்க அவை தேவை" என எவர் கேட்டாலும் அவர் மோசடிக்காரர் எனக் கொள்க. திரைப்படத்தை இணைப்பதாயின் அதில் உங்கள் தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் தெரிகின்றனவா எனப் பார்த்தபின் அனுப்புக.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: "மையமற்ற ஆள்களப் பெயர்கள் பயனருக்குச் சுதந்திரத்தையும் பொறுப்பையும் ஒருங்கே தருகின்றன." விளக்குக.

விடை: மையமற்ற பெயர்ப் பதிவேடு பல கணினிகளில் இருப்பதால் தனியொருவர் பெயரை நீக்குவதோ மாற்றுவதோ கடினம். 2021 இல் டொட் எல்கே பெயர்கள் சிலவற்றிற்கு நேர்ந்தது போன்று ஒரு மையப் பதிவேட்டினூடாகப் பல பெயர்கள் ஒருங்கே பாதிக்கப்படும் அபாயம் இதில் குறைவு. இது சுதந்திரமாகும். எனினும் இரகசியச் சாவியைப் பாதுகாத்தல், ஆதரவுள்ள மேலோடியைத் தெரிதல், பெயர் மோதல்களைக் கவனித்தல் ஆகியவற்றைப் பயனரே செய்ய வேண்டும். சாவி தொலைந்தால் மீட்டுத் தர அதிகாரி எவரும் இல்லை. இது பொறுப்பாகும்.

(குறிப்பு: சுதந்திரத்தை மட்டும் எழுதி நிறுத்தும் மாணவர்களே அதிகம். வினாவில் இரு பக்கங்கள் கேட்கப்பட்டால் இரு பக்கங்களையும் உதாரணத்துடன் எழுதுக.)

பயிற்சி வினாக்கள்

1. பதுக்கு நினைவகத்தின் நன்மை ஒன்றையும் தீமை ஒன்றையும் தருக.
2. ஒரு தளம் வை-ஃபையில் திறக்கவில்லை. மொபைல் டேட்டாவில் திறக்கிறது. வழு எங்கிருக்கலாம்? காரணம் கூறுக.
3. சூக்கோ முக்கோணத்தின் மூன்று பண்புகளையும் கொண்டு டொட் எல்கே, டொட் ஆனியன், டொட் எத் ஆகியவற்றை ஒப்பிடுக.
4. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த '.இலங்கை' முகவரி ஏன் திறக்காது?
5. உங்கள் வீட்டில் அண்மையில் திறக்காத தளமொன்றைத் தெரிந்து, மேற்கூறிய எட்டு விடயங்களும் அடங்கப் பின்னூட்டம் ஒன்றை எழுதி அடுத்த வகுப்பிற்குக் கொண்டு வருக.